தகப்பன் இல்லாத கதாநாயகி

கள்ளிக்குப்பம்,
அம்பத்தூர் தபால்,
ஈஸ்வர வருஷம் கார்த்திகை மாதக் கடைசி.

கோலார் தங்கவயலில் மனைவி மகளுடன் க்ஷேமமாக இருக்கும் சிரஞ்சீவி மைத்துனன் கங்காதரனுக்கு, கள்ளிக்குப்பத்திலிருந்து உன் மாமா வீரராகவன் தன் கைப்பட எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான். அவ்விடத்தில் நீயும் உன் சம்சாரமும் குழந்தை ராணியும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கத் திருமுல்லைவாயில் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நீ உன் அக்காள் வடிவுக்கு எழுதிய துக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும், ஆகவே நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். "மாமா போன பிறகு இனி நமக்கு யார் இருக்கிறார்கள்" என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். "தங்கமான மனுஷர், முன்கோபம் ஒன்றுதான் குறை" என்று எழுதியிருந்தாய். நான் உயிரோடிருந்த இத்தனை வருஷத்தில் அந்தத் தங்கத்தை ஒரு கார்டிலாவது எழுதினாயா? போகட்டும். முன்கோபம் என்று வந்ததும் உன் அக்காள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அதையும் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, "நான் சௌக்கியம், கவலை வேண்டாம், வீரராகவன்" என்று ஒரு தந்தி வந்ததாகவும், செத்தவர் பேரில் தந்தி அடிக்கிற பாவி எவன் என்று விசாரித்துப் போலீசில் எழுதி வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அப்பா கங்காதரா, அந்தப் பாவி நான்தான். இந்தக் கையெழுத்தைப் பார்த்தும் உனக்குச் சந்தேகம் தீராவிட்டால் சொல்கிறேன் கேள். உன் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் உன்னைக் காணாமல் தேடினபோது, நீ கிணற்றடி வாழைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பொண்ணு வாணாம் மாமா" என்று அழுததும், நான் உன் காதைப் பிடித்து இழுத்து வந்து மணையில் உட்கார வைத்ததும் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை உன் சம்சாரத்திடம் காட்டாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமா காலமாகிவிட்டபடியால் வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சுபகாரியம் கூடாது, ஆகவே தை மாதம் நம் ராஜசேகரனுக்கும் ராணிக்கும் வைத்திருந்த கல்யாணம் நின்ற மாதிரிதான், வயசுப் பெண்ணை அத்தனை காலம் வீட்டில் வைத்திருக்க முடியாது, பவுரிங்பேட்டையில் ஒரு ஸ்டேஷன் குமாஸ்தா கேட்டு வந்திருக்கிறான், மாப்பிள்ளை ராஜசேகரன் மன்னிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தாய் பார், அதைப் படித்தபோது என் பிள்ளை ராஜசேகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன் பொழுது சாய்கிறவரை வீட்டுக்குள் வரவில்லை. ராணி பிறந்த அன்றைக்கே இவனுக்கு என்று சொல்லி வைத்த பெண். நான் சாகவே இல்லை, ஆகவே வீட்டில் தீட்டு இல்லை, ஆகவே கல்யாணம் நிற்கவும் இல்லை. அந்தக் குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பு. கருமாதிக்கு என்று லீவு எழுதிப் போட்டிருந்தாயானால் அதைக் கல்யாணத்துக்கு என்று மாற்றி எழுதிக்கொடு.

எப்படி இந்தக் கூத்து நடந்தது என்று கேட்பாய். களைப்பாக இருக்கிறது, எத்தனை பேருக்குத்தான் சொல்வேன், கடைத்தெருப் பக்கம் தலை காட்டினால் நின்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, உனக்கும் சொல்லித் தொலைக்கிறேன். எல்லாம் இந்த நாடகத்தால் வந்த வினை. நம் பக்கத்தில் பி.ஏ. வகுப்பில் கால் வைத்த முதல் பிள்ளை என்று நான் மார் தட்டிக்கொண்டிருந்தேனே, அந்தப் பிள்ளை பொழுது போனால் ஹாஸ்டலில் இருப்பதே இல்லை, தாங்கள் வந்து விசாரிப்பது நலம் என்று வார்டனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சனிக்கிழமை பொழுது விடிந்ததும் அம்பத்தூரில் ரயில் ஏறிப் பட்டணம் போனேன். ஹாஸ்டலில் பையனைக் காணோம். காலேஜ் பெரிய ஹாலில் இருப்பான், இன்றைக்கு நாடகம் என்றார்கள். அங்கே பின்வாசலில் ஒரு பையன், பாதி முகத்துக்கு அரிதாரமும் மீதி முகத்துக்கு வியர்வையுமாக நின்றுகொண்டு நாற்காலிகளை இங்கே வை அங்கே வை என்று கத்திக்கொண்டிருந்தான். பரந்தாமன் என்று பேர், நாடக சங்கத்துக் காரியதரிசியாம். ராஜசேகரனைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஊர்லேர்ந்து வர்றீங்களா? அவனுக்கு அப்பா இல்லையே பாவம், நீங்க யாரு, சித்தப்பாவா?" என்றான்.

கங்காதரா, எனக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான்தானடா அவன் தகப்பன் என்று அதட்டியிருக்க வேண்டும், நீ எழுதினாயே, அந்த முன்கோபம் அப்போது எங்கே போயிற்றோ. பெற்ற பிள்ளையை அவன் சிநேகிதர்களுக்கு நடுவில் பொய்யன் என்று நானே எப்படிக் காட்டிக்கொடுப்பது? வாய் தானாக "ஆமாம்" என்றது. உடனே அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன் ரொம்ப நல்லவராமே, கிணத்துல விழுந்த கன்னுக்குட்டியக் காப்பாத்த எறங்கித்தானே செத்துப்போனாரு, ராஜசேகரன் சொல்லிச் சொல்லி அழுவான்" என்று துக்கம் விசாரித்தான். நான் கிணற்றில் இறங்குகிறவனா? எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியாதா? கன்றுக்குட்டி என்ன, நீயே விழுந்திருந்தாலும் நான் மேலே நின்று கயிறுதான் போட்டிருப்பேன். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா இல்லை என்று எதற்காகத் தம்பி அவன் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று மெல்லக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலேஜில் நாடகம் பிறந்த வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். நாடகம் ஆரம்பிக்க நேரமாகிறது என்று வந்து வந்து கூப்பிட்டார்கள், அவன் எழுந்திருக்கவே இல்லை.

கேள் அந்தக் கதையை. முன்னொரு காலத்தில் அங்கே இருந்த வெள்ளைக்காரப் புரொபசர் ஒருவர் இங்கிலீஷ் நாடக சங்கம் வைத்தாராம். ராஜா வேஷக்காரர்கள் எல்லாம் கால்பந்துக்காரர்களின் காலுறையை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் கர்ஜித்தார்களாம். இங்கிலீஷ் நாக்கில் புரளாத ஊர்நாட்டுப் பையன்களுக்கு அந்தப் புரொபசர் கொடுத்தது சேவகன் வேஷம் ஒன்றுதான், கையில் ஈட்டி, வாயில் ஒரு வார்த்தை கிடையாது. ராஜா பேசுகிறவரை நிற்க வேண்டும், ராணி பேசுகிறவரை நிற்க வேண்டும், விஷம் குடித்து எல்லாரும் செத்து விழுகிறவரை நிற்க வேண்டும். மூன்று வருஷம் நின்று நின்று காலும் கடுத்து மனசும் கடுத்துப்போன ஈட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து தமிழ் நாடக சங்கம் வைத்துவிட்டார்களாம். சரி, வைத்தார்களே, ஒற்றுமையாக இருந்தார்களா? அறுபது பாட்டு இல்லாவிட்டால் அது நாடகமா என்று ஒரு கட்சி, வாயைத் திறந்து வசனம் பேசுடா, சமூகத்தைத் திருத்துடா என்று ஒரு கட்சி. பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆர்மோனியமும் திரைச்சீலையும் பாட்டுக் கட்சிக்குப் போயிற்று, திரை இழுக்கிற கயிறும் உருளையும் வசனக் கட்சிக்கு வந்தது. அந்த வருஷம் முழுக்க ஒரு கட்சி திரையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடத்தியது, இன்னொரு கட்சி வெறும் கயிற்றை இழுத்துவிட்டு, திரை எழுந்துவிட்டது என்று ஜனங்களுக்குச் சொல்லி நடத்தியது. நம் பிள்ளை போய்ச் சேர்ந்தது இந்தக் கயிற்றுக் கட்சியில்தான்.

இனிமேல்தான் என் சாவு வருகிறது. அங்கே படிக்கிற பெண்பிள்ளைகளை மேடை ஏற விடமாட்டார்கள், ஸ்திரீ வேஷமும் பையன்கள்தான் கட்ட வேண்டும். மீசை வைக்கிற வழக்கமில்லாத பையன்கள் எல்லாம் இங்கிலீஷ் சங்கத்துக்கும் பாட்டுக் கட்சிக்கும் போய்விட்டார்கள். வசனக் கட்சியில் மிஞ்சினவர்கள் அத்தனை பேரும் நம் பக்கத்துப் பையன்கள், மீசைக்காரர்கள். தகப்பன் உயிரோடிருக்கும்போது மீசையில் கத்தி வைக்க எவன் துணிவான்? வைத்துவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குப் போவான்? முதல் வருஷம் மீசைக்கு மேலே மாவைப் பூசினார்கள், அழுகைக் கட்டத்தில் மாவு கரைந்து கதாநாயகிக்கு மீசை முளைத்துவிட்டது. அப்புறம்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்களாம். தகப்பன் இல்லாத பையனுக்குத்தான் கதாநாயகி வேஷம். அவனுக்குத்தான் மீசையை எடுப்பதில் தடையில்லை. வருஷா வருஷம் ஜூலை மாதம் புதுப் பையன்கள் சேர்ந்ததும் இவர்கள் ஹாஸ்டலில் அறை அறையாகப் போய், "அப்பா சௌக்கியமா இருக்காரா?" என்று விசாரிப்பார்களாம். சௌக்கியம் என்று சொன்னால் முகம் தொங்கிவிடுமாம். இந்த வருஷம் சேர்ந்த எல்லாப் பையன்களுடைய தகப்பன்மாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள், சங்கமே கலைந்துவிடும் என்று இருந்த நேரத்தில் நம் ராஜசேகரன், அந்த வேஷத்தின் மேல் இருந்த மோகத்தில், "எனக்கு அப்பா இல்ல" என்று எழுந்து நின்றானாம். "எங்க வயித்துல பால வார்த்தான் சார்" என்றான் பரந்தாமன்.

"ஆனா ஒண்ணு. மீசைய எடுக்கறதுக்கு மட்டும் இன்னைக்கி காலையிலதான் ஒத்துக்கிட்டான். அப்பாதான் இல்லையே, அப்புறம் எதுக்குடா பயப்படறேன்னு கேட்டோம். கண்ணாடியத் திருப்பி வெச்சுட்டு ஒக்காந்தான். கண்ணுல தாரை தாரையா ஊத்துது. அழுகைக் கட்டத்துல எங்கேர்ந்துடா இவ்ளோ அழுகை வருதுன்னு ஒத்திகையில கேட்டோம். அப்பா செத்துப்போனத நெனச்சுக்குவேன், தானா வந்துடும்னான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் எழுந்து ஓடினான்.

நான் ஹாலுக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடை ஏறிப் பின்னலைப் பிடித்து இழுத்து வருவது என்றுதான் உட்கார்ந்தேன், சத்தியம். கதை ஒன்றும் பிரமாதமில்லை, தகப்பன் செத்துப்போன ஒரு பெண்ணைச் சொந்தக்காரர்கள் ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளை வந்தான். பச்சைப் புடவை. நடையைப் பார்த்தால் சின்ன வயசில் உன் அக்காள் நடந்த நடை. அந்தப் பெண் தகப்பனைக் கிடத்தியிருக்கிற இடத்தில் போய் நின்றாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மண்ணில் புரளவில்லை. கிட்டே போய், செத்தவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நேத்துக்கூட என்னைத் திட்டினீங்களே அப்பா, இன்னைக்கும் திட்டுங்களேன்" என்றாள். அவ்வளவுதானப்பா. எனக்கு மேல்துண்டு நனைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் மாதிரியான மனுஷர், "பெரியவரே, இது நாடகம்" என்று என்னைத் தேற்றினார். நாடகம் என்று உமக்குத் தெரியும் ஐயா, செத்தது யார் என்று எனக்கல்லவா தெரியும்?

முடிகிறவரை இருந்து பிள்ளையைப் பார்க்க என்னால் ஆகவில்லை. திட்டவும் தெம்பில்லை, தட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. எழுந்து வந்து ரயில் ஏறினேன். அம்பத்தூர் வரை போனால் உன் அக்காளிடம் என்னவென்று சொல்வது? வில்லிவாக்கத்திலேயே இறங்கி, பாடி வரைக்கும் நடந்து, அங்கே கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். ஒரு கிழவன் தன் பிள்ளை பண்ணின காரியத்தை யோசிக்க ஒரு பொழுது எடுத்துக்கொண்டால், அதற்குள் ஊர் கூடி அவனுக்குப் பாடை கட்டிவிடும் என்று யார் கண்டது?

நான் போன பிற்பாடு நாடகம் முடிந்து பரந்தாமன் நம் பிள்ளையிடம், உங்க சித்தப்பா வந்திருந்தார், நீ நடித்ததைப் பார்த்து அழுதுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார் என்றிருக்கிறான். அவனுக்கு ஏது சித்தப்பா? நான் ஒற்றைப் பிள்ளை. விஷயம் புரிந்ததும் வேஷத்தைப் பாதி கலைத்தும் கலைக்காமலும் ஓடி வந்து சாயங்கால ரயிலைப் பிடித்திருக்கிறான், என் காலில் விழ வேண்டும் என்று. எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தும் விட்டான். உன் அக்காள் வாசலுக்கு வந்து பார்க்கிறாள். பிள்ளையைப் பார்க்கப் போன புருஷனைக் காணோம். பிள்ளை மட்டும் தனியாக வந்து நிற்கிறான். மேலுதட்டில் மீசை இல்லை. கண்ணெல்லாம் மை கலைந்து வீங்கிக் கிடக்கிறது. வாரக்கணக்காகக் கீச்சுக் குரலில் ஒத்திகை பார்த்துத் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து அப்பா வரவில்லை என்று தெரிந்ததும், நாம் கொன்ற தகப்பன் நிஜமாகவே ஏரியிலோ குளத்திலோ போய் விழுந்துவிட்டான் என்று அவனும் நினைத்துவிட்டான். தாயார் காலைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் என்னாலதாம்மா" என்று ஒரு மூச்சு. இன்னும் என்ன வேண்டும்? மீசை போன பிள்ளையைப் பார்த்த பிறகு கள்ளிக்குப்பத்தில் எவன் வாயைத் திறந்து விசாரிப்பான்? உன் அக்காள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. பட்டணம் போய்ச் செத்தவன் பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் கிடப்பான் என்று தீர்மானமும் பண்ணிவிட்டார்கள். நெல் விஷயமாக வந்திருந்த பூந்தமல்லி ஹாஜா மொய்தீன் சாயபு, நல்ல மனுஷர், அழுதுகொண்டே போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு, என் நெல்லுக்கு நியாயமான விலையும் இனிமேல் தருவதாக எல்லார் முன்னாலும் சொன்னாராம். நான் திரும்பி வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த வீட்டு நாகம்மாளை உனக்குத் தெரியும், ஆட்டு விஷயத்தில் என்னோடு பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷமாகிறது. அவள்தான் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்துக் கொடுத்தவள். அவரைப் பந்தல் போட்ட ராசா, மேஞ்ச ஆட்டை அடிக்காத ராசா என்று பாடினாளாம். நான் அடித்ததற்குத்தான் அவள் பேச்சையே நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் பாடியிலிருந்து நடந்து வருகிறேன். எதிரே நம் தெரு ஜெயராமன் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறான், உள்ளே இரண்டு பேர், நிறைய வைக்கோல். நல்லதாகப் போயிற்று என்று கையைக் காட்டினேன். மாடு நின்றது, ஜெயராமனுக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது.

"யோவ் மாமே, நீ பூட்டியேபா!" என்றான்.

"எங்கடா பூட்டேன்? இங்கதான் கீறேன்."

"உன் புள்ள மீசைய எட்த்துட்டு வந்து கீறான். உன் பொஞ்சாதி தலைய விரிச்சிப் போட்டுகினு அய்வுது. நாங்க உன்ன எட்த்துகினு வரப் பட்டணத்து ஆசுபத்திரிக்குப் போறோம், நீ இன்னாடான்னா நடந்து வர்றே!"

வண்டியில் இருந்த ஒருவன் இறங்கி, என் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தான். பட்டது. ஜெயராமன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆசுபத்திரிக்குப் போவ வாணாமா?" என்று என்னையே கேட்டான். திருப்புடா வண்டியை என்று ஏறி வைக்கோல் மேல் சாய்ந்தேன். மண்டபத்துக் கல்லில் முதுகு முறிந்துபோயிருந்தது, வெயில் வேறு, மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. ஜெயராமன்தான் ஆகட்டும், ஊர் எல்லையில் இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வண்டி தெருமுனை திரும்பியதும் துண்டு மூடின உடம்பைப் பார்த்துவிட்டு அத்தனை ஜனமும் ஓவென்று வந்து விழுந்தது. என் மார் மேலேயே நாகம்மாள் விழுந்தாள். "யாருடி இவ, மூச்சு முட்டுது" என்று எழுந்து உட்கார்ந்தேன். பறையடித்தவர்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். நாகம்மாள் மயக்கம் தெளிந்து எழுந்ததும், "நேத்துலேர்ந்து தொண்ட கிய்யப் பாடிக்கீறேன், உசுரோட வந்து நிக்கிறியே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது.

உன் அக்காள் கையில் வளையல் இருந்தது. பிணம் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்களாம், பகவான் காப்பாற்றினார். வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள், முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்து இன்னா துன்னீங்க?" என்றாள். ராஜசேகரன் மூலையில் நாவிதர் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், கருமத்துக்குத் தயாராக. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான், வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "மீசை எங்கடா?" என்றேன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம், ஊர் பார்த்தது, என்ன செய்ய?

ஆகவே கங்காதரா, பையன் ஈஸ்வரன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து, இனிமேல் அரிதாரம் பூசுவதில்லை, மேடைப் பக்கம் தலை வைப்பதில்லை என்று எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டான். நாடகம் என்ற பேச்சே இந்த வீட்டில் இனி இல்லை. மீசையும் அரும்பிவிட்டது, தைக்குள் நன்றாக வந்துவிடும். பேசினபடி தை மாதம் அதே முகூர்த்தம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, நானே முன்னால் நின்று நடத்துவேன், தள்ளினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ கருமாதிக்கு என்று அனுப்பிய கோடிப் புடவை பார்சலில் வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். உன் அக்காள் பிரித்துப் பார்த்துவிட்டு, "கரை நல்லாக் கீது" என்று பெட்டியில் வைத்துக்கொண்டாள். நான் செத்தால்தான் அவளுக்குப் பிறந்த வீட்டுப் புடவை வரும் போலிருக்கிறது, இனிமேலாவது தீபாவளிக்கு ஒன்று அனுப்பு. உன் சம்சாரத்தை நான் விசாரித்ததாகச் சொல். குழந்தை ராணிக்குச் சகல மங்களமும் உண்டாக ஆசீர்வாதம். தங்கவயலில் எனக்காகத் துக்கப்பட்ட எல்லாருக்கும் என் வந்தனம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் மாமா,
வீரராகவன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட எடுத்த நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அந்தப் பரந்தாமன் நிற்கிறான். சங்கத்தார் எல்லாரும் எழுந்து நின்று எனக்காக மௌனமாக இருந்து, நாடக அவசரத்தில் இத்தனை நாள் விட்டுப்போயிருந்த துக்கத் தீர்மானத்தைப் போட்டார்களாம், அதை விதவைத் தாயாரிடம் நேரில் சொல்ல வந்தானாம். ராஜசேகரன் முகம் வெளுத்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். பரந்தாமன் என்னைப் பார்த்து, "சித்தப்பா, அவங்க அம்மா எங்க?" என்றான். எதிரே உன் அக்காள், நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமத்தோடு. கோலாரில் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். உன் அக்காள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமாம்பா, அக்கா அங்கதான் கீறாங்க. நான் சின்னம்மா. குந்து, ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றாள். பிள்ளைக்கு அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

அவன் வந்த காரியம் இது. எல்லாக் காலேஜ் நாடக சங்கங்களுக்கும் சேர்த்து சர்வகலாசாலையில் போட்டி வைத்திருக்கிறார்கள். நம் முகூர்த்த நாளன்றைக்கேதான். இந்தப் பையன் இல்லாவிட்டால் எங்கள் சங்கம் போட்டிக்குப் போக முடியாது, சித்தப்பா பார்த்து உத்தரவு கொடுக்க வேண்டும் என்று காலைத் தொட்டுக் கேட்டான். தகப்பனாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். சித்தப்பா கொடுத்துவிட்டேன். சத்தியமும் தகப்பனுக்குப் பண்ணினதுதானே.

ஆகையால் கல்யாணத்தைத் தள்ளி மாசியில் வை. குமாஸ்தாவை மட்டும் உடனே திருப்பி அனுப்பு. ஏன் தள்ளினீர்கள் என்று அங்கே யாராவது கேட்டால் மாமா செத்துவிட்டார் என்றே சொல்லிக்கொண்டிரு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். தை முடிகிறவரை செத்தவனாகவே இருக்கிறேன். நீயும் ராணியை அழைத்துக்கொண்டு போட்டிக்கு வந்துவிடு, பெண்களுக்கு மாடியில் தனி இடம் உண்டு, உன் அக்காளும் வருகிறாள். அவன் என் கால் சேற்றைத் துடைத்து அழுவதை நான் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் கங்காதரா. நிஜமாக அவன் அழும்போது நான் பார்க்க இருக்க மாட்டேன்.